தீவு இருக்கட்டும், எதிர்க்கரையில் என்ன இருக்கிறது?

கேள்வி: நாங்கள் சகோதரங்கள் மூன்று பேர். நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். அண்ணா ரொறன்ரோவில், கனடாக் குடியுரிமை மட்டும்தான். அக்கா லண்டனில், இரட்டைக் குடியுரிமை எடுத்திருக்கிறார். மூவரும் சேர்ந்து கற்பிட்டிக்குப் பக்கத்தில், புத்தளம் களப்புக்குள் இருக்கும் ஒரு சிறிய தென்னந்தீவை வாங்க யோசிக்கிறோம். ஏழு ஏக்கர், விலை நான்கரைக் கோடி. கொழும்பில் ஒரு நல்ல வீடு வாங்கும் காசுக்கு முழுத் தீவே கிடைக்கிறதே என்று அண்ணாவுக்கு ஒரே பிடிப்பு. அவரையும் காணி உறுதியில் போடலாமா? மாதம் எவ்வளவு செலவு வரும்? சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டால் செலவு ஈடாகுமா? இப்போதைய உரிமையாளர் கரையிலுள்ள ஒரு மீன்வாடி வழியாகத்தான் தீவுக்குப் போய்வருகிறார். களப்பு அமைதியாக இருக்கும், கடல் மாதிரி இல்லை என்கிறார் தரகர், முற்பணமாகப் பத்து வீதம் கேட்டு அவசரப்படுத்துகிறார். உறுதியின் பிரதியை இணைத்திருக்கிறேன்.

பதில்: பிரதியை அனுப்பியது நல்லதாய்ப் போயிற்று. நாற்புற எல்லைகளைப் பார்த்தேன்: வடக்கே களப்பு, கிழக்கே களப்பு, தெற்கே களப்பு, மேற்கே களப்பு. வாசிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. அதற்கு இரண்டு வரி மேலே ஒன்று எழுதியிருக்கிறதே, அதை நீங்கள் மூவரும் தாண்டிப் போய்விட்டீர்கள் போல. விற்பவருக்குச் சேர்ந்தது "பிரிக்கப்படாத பன்னிரண்டில் ஐந்து பங்கு". அதாவது நான்கரைக் கோடிக்கு நீங்கள் வாங்கப் போவது தீவை அல்ல, தீவில் பாதிக்கும் குறைவான ஒரு பங்கை. மிச்சம் பன்னிரண்டில் ஏழு பங்கு யாரிடம்? அவர்களின் பிள்ளைகள் எந்த எந்த ஊரில்? நாளைக்கு நீங்கள் வீடு கட்டி முடித்த பிறகு ஒருவர் வந்து தன் பங்கைப் பிரித்துத் தரக் கேட்டுப் பிரிவிடல் வழக்குப் போட்டால், நீங்கள் கட்டிய மூலை உங்களுக்கே கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. காணிப் பிரிவிடல் வழக்குகள் எத்தனை வருடம் இழுக்கும் என்பதை யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்தது பரப்பு. உறுதியில் 7 ஏக்கர் 1 றூட் 12 பேர்ச் என்று இருக்கிறது. அந்த அளவு பழைய நில அளவைப் படத்திலிருந்து வந்தது. மதிலும் வேலியும் நின்ற இடத்தில் நிற்கும், தண்ணீர் நிற்காது. ஒரு பக்கம் அரித்து மறுபக்கம் மணல் சேரும். புதிதாகச் சேர்ந்த மணல் உங்களுக்குச் சொந்தம் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் அலை வந்து போகும் கரை அரசுடையது. விலை பேசுவதற்கு முன் உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கூட்டிப் போய்ப் புதிதாக அளப்பியுங்கள். கூகிள் எர்த்தில் பழைய வருடப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாலே ஓரளவு விளங்கும், அதற்குக் காசும் இல்லை.

காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடத் தேடல் செய்வது எல்லோருக்கும் தெரிந்த வழமை. தீவுக்கு அது போதாது. ஆதியில் முடிக்குரிய அளிப்பு, அதாவது அரசு அந்தக் காணியைத் தனியாருக்கு எழுதிக் கொடுத்த பத்திரம், இருந்ததா என்று வேர்வரை போக வேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, பயிர்செய்யப்படாத, ஆளில்லாத காணி அரசுடையது என்றே முதலில் ஊகிக்கப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது உரிமை கோருபவரின் பொறுப்பு. "ஐம்பது வருசமாக எங்கள் ஆட்கள்தான் தேங்காய் பறிக்கிறார்கள்" என்ற கதை நல்ல கதைதான், ஆனால் கதையை வைத்து உறுதி எழுத முடியாது. இன்னொன்று, கற்பிட்டிப் பக்கத்துத் தீவுகள் 14ஐ உல்லாசப் பயணத் திட்டம் ஒன்றுக்காக அரசு ஒதுக்கியது. உச்சமுனை, பத்தலங்குண்டு எல்லாம் அதில் அடிபட்ட பெயர்கள். மீனவர்கள் எதிர்த்ததும் செய்தியில் வந்தது. உங்கள் தீவு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கற்பிட்டிப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

அண்ணாவின் பெயரைப் பற்றிய கேள்விக்குப் பதில் சுருக்கமானது: இப்போதைக்கு முடியாது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி உரித்து மாற்ற மட்டுப்பாட்டுச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடுக்கிறது. இலங்கையில் பிறந்தாலும், இன்றைக்குக் கனடாக் குடியுரிமை மட்டும் உள்ளவர் அந்தச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். அக்காவுக்குப் பிரச்சினை இல்லை, இரட்டைக் குடியுரிமை உள்ளவர் இலங்கைப் பிரசை. அண்ணாவுக்கு இரண்டு வழி: பத்தரமுல்லை சுகுறுபாயவில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து, அதை எடுத்துக்கொண்டு வரட்டும், அல்லது நீண்டகாலக் குத்தகை, அது அதிகபட்சம் 99 வருடம். "காசு அண்ணாவுடையது, பெயர் மட்டும் என்னுடையது" என்று வீட்டுக்குள் பேசி முடிப்பதுதான் எங்கள் ஆட்களின் வழமையான மூன்றாவது வழி. தயவுசெய்து அதில் இறங்காதீர்கள். இருவரும் நல்ல உறவோடு இருக்கும்வரை அது ஓடும். பிறகு பிள்ளைகள், மருமக்கள் காலத்தில் அது வழக்காகும், அந்த வழக்கில் சட்டம் அண்ணாவின் பக்கம் நிற்காது. எந்த வழியானாலும் வெளியிலிருந்து வரும் பணம் வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு ஒன்றின் ஊடாக வரட்டும். நாளைக்கு விற்றால் அந்தப் பணத்தைத் திரும்ப எடுத்துப் போக அந்தக் கணக்குத்தான் சாட்சி.

சரி, உரிமை எல்லாம் சுத்தம், பன்னிரண்டு பங்கும் உங்களுக்கே என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்போதும் நான் முதலில் கேட்பது தீவைப் பற்றி அல்ல. எதிர்க்கரையில் உங்களுக்கு என்ன இருக்கிறது?

மதிப்பீட்டு அறிக்கையில் பாதைக்கென்று ஒரு தலைப்பு உண்டு. வீதியிலிருந்து காணிக்குள் எப்படிப் போவது, அந்தப் பாதை யாருடையது, எத்தனை அடி அகலம் என்று அங்கே மதிப்பீட்டாளர்களாகிய நாங்கள் எழுத வேண்டும். வங்கிக்காரர் அறிக்கையைக் கையில் எடுத்ததும் புரட்டிப் போவது அந்தப் பக்கத்துக்குத்தான், வாகனம் போகும் பாதை இல்லாத காணிக்குக் கடன் கிடைப்பது மிகக் கஷ்டம். உங்கள் தீவுக்கு அந்த இடத்தில் "படகில்" என்று எழுதினால், உடனே அடுத்த கேள்வி வரும்: படகு எங்கே கட்டப்பட்டிருக்கும்? கார் எங்கே நிற்கும்? சீமெந்து வந்தால் லொறி எங்கே இறக்கும்? இப்போதைய உரிமையாளர் கரையிலுள்ள ஒரு மீன்வாடி வழியாகப் போய்வருகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வாடிக்காரர் அவருக்குத் தெரிந்தவர், அதனால் விடுகிறார். அந்தத் தயவை உறுதியில் எழுதி உங்களுக்கு விற்க முடியாது. வாடிக்காரர் மனம் மாறினால், அல்லது அந்தக் கரைத்துண்டை ஒரு ஹோட்டல்காரர் வாங்கி வேலி போட்டால், உங்கள் நான்கரைக் கோடி தண்ணீருக்கு நடுவில் நிற்கும், நீங்கள் கரையில் நிற்பீர்கள்.

வெலிகமவில் தப்ரபேன் தீவைப் பார்த்திருப்பீர்கள், காலி–மாத்தறை வீதியில் போகிற எல்லோருக்கும் தெரிவது. 1920களில் டி மோனி என்ற பிரெஞ்சுக்காரர் அதில் வீடு கட்டினார். (அந்த மனிதர் 1941இல் இறந்தது நம்முடைய யாழ்ப்பாணத்து நாவற்குழியில் என்பது பலருக்குத் தெரியாது.) அந்த வீடு இன்றுவரை பிழைத்திருப்பதற்கு அழகு மட்டும் காரணம் இல்லை. கரையிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நடந்தே போகலாம். சமையல்காரர், தோட்டக்காரர், மேசன் எல்லோரும் பெருந்தெருவில் பஸ்ஸால் இறங்கி வேலைக்கு வரலாம். தண்ணீரால் சூழப்பட்டிருந்தும் அது வெலிகம ஊரின் ஒரு வீடு. உங்களுடையது அப்படி இல்லை. கொழும்பிலிருந்து கற்பிட்டிக்கு ஏறத்தாழ 160 கிலோமீற்றர், அதற்குப் பிறகுதான் படகே தொடங்குகிறது.

களப்பு அமைதியாக இருக்கும், கடல் மாதிரி இல்லை என்று தரகர் சொன்னதில் பாதி உண்மை. அலை பெரிதாக எழாது, ஆனால் புத்தளம் களப்பு ஆழமில்லாதது, பல இடங்களில் ஓரிரண்டு மீற்றர்தான். நீர் வற்றும் நேரத்தில் இயந்திரத்தின் விசிறி கடற்புல்லிலும் சேற்றிலும் மாட்டும். ஆகவே இறங்குதுறையை ஆழம் உள்ள இடம்வரை நீட்டிக் கட்ட வேண்டும், அதுவும் இரண்டு கரையிலும். அதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கரையோர வலயம் நிலப்பக்கம் 300 மீற்றர், கடற்பக்கம் 2 கிலோமீற்றர், கடலோடு சேர்ந்த களப்புகளுக்குத் தனி அளவு. உங்கள் தீவு வட்டமாக இருந்தால் கரைக்குக் கரை 200 மீற்றர்கூட வராது. ஆகவே தீவு முழுவதும் வலயத்துக்குள் என்று வைத்தே திட்டம் போடுங்கள், ஒரு குடிசை போடுவதென்றாலும் அனுமதி. கரையில் நிற்கும் கண்டல் மரத்தில் கை வைக்கவே கூடாது. தீவு மணலை அள்ளிக் கட்டடம் கட்டவும் முடியாது. சட்டம் விட்டாலும் உப்பு விடாது, அந்த மணலில் போட்ட கொங்கிறீற்றுக்குள் கம்பி சில வருடத்தில் துருப்பிடித்து வெடிக்கும்.

கட்டட வேலையில் ஆட்கள் கணக்கில் விடுவது கைமாற்றத்தைத்தான். ஒரு சீமெந்துப் பை லொறியிலிருந்து கரைக்கு, கரையிலிருந்து படகுக்கு, படகிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து வண்டிலுக்கு. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கூலி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நனையும், கொஞ்சம் கிழியும். கலவைக்கு நல்ல தண்ணீரும் படகில்தான் போக வேண்டும். காற்று அடித்தால் மேசன் பாஸ் வரமாட்டார், வந்திருந்தால் போகமாட்டார், இரண்டுக்கும் நாட்கூலி உங்களுடையது. கற்பிட்டி நகரில் ஒரு சதுர அடிக்கு என்ன செலவோ அதன் ஒன்றரை மடங்குக்குக் குறைய நான் எழுதமாட்டேன், இரண்டு மடங்கு என்றால் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம்.

தண்ணீர். களப்புத் தீவில் கிணறு இருக்கும், குடிக்கவும் முடியும் என்பார்கள். மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீருக்கு மேலே ஒரு மெல்லிய படையாக மிதந்து நிற்கும், கிணற்றில் வருவது அதுதான். வாளியால் மேலாக அள்ளினால் வருடம் முழுக்க வரும். மோட்டர் பூட்டி இழுத்தால் கீழிருந்து உப்பு ஏறும், ஒருமுறை ஏறியது இறங்கப் பல மழை வேண்டும். குழாய்க்கிணறு என்ற பேச்சே வேண்டாம். கூரை மழை நல்ல வழி: அந்தப் பக்கம் வருடத்துக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர் மழை, 100 சதுர மீற்றர் கூரை என்றால் கையில் 100,000 லீற்றர் வரை. ஆனால் அது பெரும்பாலும் ஒக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீரும். மே முதல் செப்டெம்பர் வரைக்குமான தண்ணீரைத் தாங்கியில் கட்டி வைக்க வேண்டும், தாங்கிச் செலவு கூரைச் செலவோடு போட்டி போடும். கடல்நீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் என்று அண்ணா சொல்லுவார். பெரிய ஆலைகளிலேயே ஆயிரம் லீற்றருக்கு மூன்று நான்கு யூனிற் மின்சாரம் போகும், வீட்டு அளவு இயந்திரத்துக்கு அதைவிட நன்றாகக் கூட. அதோடு புத்தளம் களப்பின் உட்பகுதி கோடையில் கடலைவிட உப்பாகிவிடும். பாலாவியில் உப்பளம் சும்மா வரவில்லை. தீவு களப்பின் வாய்ப்பக்கமா உட்பக்கமா என்று பார்த்து, ஓகஸ்ட் மாதத் தண்ணீரை எடுத்துப் பரிசோதித்த பிறகே இயந்திரக்காரரிடம் விலை கேளுங்கள்.

மின்சாரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அதே தீபகற்பத்தில் நுரைச்சோலையில் 900 மெகாவாற் அனல்மின் நிலையம் ஓடுகிறது, உங்கள் தீவுக்கு ஒரு குமிழ் எரியக் கம்பி இல்லை. சூரியத்தகடு, மின்கலம், அவசரத்துக்கு ஒரு சிறிய ஜெனரேற்றர், இதுதான் வழி. வெறும் ஜெனரேற்றரை நம்பினால், நடுத்தர அளவு ஒன்று மணிக்கு 3 லீற்றர் டீசல் குடிக்கும், ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் ஓடினால் மாதம் 720 லீற்றர். டீசலும் படகில்தான். சூரியத்தகட்டுக்கு வெயில் பிரச்சினை இல்லை, உப்புக்காற்றுத்தான் பிரச்சினை. ஏசி வெளிப்பெட்டியின் அலுமினியச் செட்டைகள் விரலால் தொட்டால் தூளாக உதிரும் காட்சியைக் கரையோர ஹோட்டல்களின் பின்பக்கத்தில் நின்று பார்த்தால் போதும், தீவில் எதை வைப்பது எதை விடுவது என்று நீங்களே முடிவெடுப்பீர்கள்.

இனி மாதக் கணக்கு. எரிபொருள் லீற்றர் 300 ரூபாய் என்று ஒரு விலையை வைத்துக்கொள்கிறேன், நீங்கள் அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். தீவில் ஒருவரை மட்டும் தனியே விடக் கூடாது, பாம்பு கடித்தாலும் நெஞ்சு வலித்தாலும் படகோட்ட இன்னொருவர் வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் எதிர்க்கரை வரைதான் வரும். ஆகவே காவலாளிகள் இருவர், தலைக்கு 60,000. ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், நம்பிக்கை நிதி 3 வீதம் சேர்த்து 138,000. இருபதடிப் படகு, 40 குதிரைவலு இயந்திரம், போய்வர 10 லீற்றர், ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் என்றாலும் 90,000. படகு, இயந்திரம், கூரை, தாங்கி, வண்ணப்பூச்சு எல்லாவற்றின் பராமரிப்புக்கும் 40,000 ஒதுக்குங்கள். ஜெனரேற்றர் டீசல் 15,000, எதிர்க்கரையில் கார் நிறுத்தவும் படகு கட்டவும் வாடகை 15,000. கூட்டினால் 298,000. மூன்று பேருக்கும் தலைக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம், ஒருவருமே அங்கே போகாத மாதத்திலும். மின்கலம், இயந்திரம் மாற்றும் செலவு இதில் இல்லை. வாங்கும்போது முத்திரை வரி தனி: முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். நான்கரைக் கோடிக்கு ஏறத்தாழ 18 இலட்சம், நொத்தாரிசு கட்டணம் அதற்கு மேல்.

தென்னை வருமானம் என்று விற்பவர் சொல்லுவார். ஏக்கருக்கு 64 மரம், ஏழு ஏக்கருக்கு 448, மணல் காணியில் மரத்துக்கு வருடம் 40 காய் என்றால் ஏறத்தாழ 18,000 காய். காய் 100 ரூபாய் என்று வைத்தால் 18 இலட்சம், பறிகூலியும் படகும் கழித்து என்ன மிஞ்சும் என்று பாருங்கள். செலவு வருடத்துக்கு 36 இலட்சம். அந்த உறுதியின்படியே வாங்கினால், மிஞ்சுவதிலும் பன்னிரண்டில் ஐந்துதான் உங்களுக்கு.

வாடகைக்கு விடுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கற்பிட்டிக்கு வெள்ளைக்காரர் வருவது டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை டொல்பின் பார்க்க, மே மாதத்திலிருந்து காற்றுப் பலகை (பட்டத்தின் இழுப்பில் தண்ணீர்மேல் சறுக்குவது) விளையாட. முதலாமவர் காலை ஆறு மணிக்கே கடற்படகில் ஏற வேண்டும், இரண்டாமவர் விளையாடும் கரையிலேயே படுக்க விரும்புவார். தீவில் தங்குபவர் தனிமைக்கு வருகிறவர், அவர் கேட்பது நல்ல குளியலறை, குளிர்ந்த அறை, நேரத்துக்குச் சாப்பாடு. அதைக் கொடுக்க ஹோட்டலே நடத்த வேண்டும். வேர்ஜின் நிறுவனத்தைத் தொடங்கிய கோடீஸ்வரர் றிச்சர்ட் பிரான்சன் 1978இல் கரிபியன் கடலிலுள்ள நெக்கர் தீவை வாங்கியதே அங்கே விடுதி கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான். 2011இல் மின்னல் விழுந்து பெரிய வீடு எரிந்தது, 2017இல் சூறாவளி வந்து மறுபடி உடைத்தது. அவருக்குக் கட்ட முடிந்தது. மாலைதீவில் வாங்கலாமே என்று அண்ணா கேட்டால், 2015இல் நூறு கோடி டொலர் முதலிடும் வெளிநாட்டவருக்குக் காணி உரிமை என்று அரசியலமைப்பைத் திருத்தினார்கள், 2019இல் அதையும் எடுத்துவிட்டார்கள் என்று சொல்லுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், தீவை விட்டு எதிர்க்கரையில் வீதி முகப்புள்ள, தெளிவான உறுதியுள்ள நாற்பது ஐம்பது பேர்ச் துண்டைத் தேடுவேன். மின்சாரம் உண்டு, லொறி வரும், வங்கியும் பார்க்கும். தீவுக்குப் போக ஆசை வந்தால் வாடிக்காரரின் படகை ஒரு நாளைக்கு அமர்த்தினால் சரி. பிறகு எப்போதாவது பன்னிரண்டு பங்கும் ஒரே கையில் விலைக்கு வந்தால், துறை உங்களிடம் இருப்பதால் விலை பேசும் பலமும் உங்களிடம் இருக்கும்.

முற்பணம் இப்போது ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். நோட்டுப் புத்தகத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தரகர்கள் வாங்கும் முற்பணம் திரும்பி வருவது குதிரைக்கொம்பு. காணி விற்பனை ஒப்பந்தம் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சியோடு எழுதப்பட வேண்டும். தரகரிடம் மூன்று கடதாசி கேளுங்கள்: மற்றப் பங்காளிகளின் பெயர்ப்பட்டியல், ஆதி அளிப்பின் பிரதி, எதிர்க்கரைப் பாதைக்கான எழுத்து உரிமை. மூன்றில் ஒன்றாவது வந்தால் அனுப்பி வையுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.